தா என்னும் சொல்

மாலை வேளையில் விளையாட்டிடம் ஒன்றின் ஓரத்திலே நின்று செவிகொடுத்துக் கேட்பார்க்கு ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்து விழும். அது ‘தா’ என்னுஞ் சொல். பந்தை வைத்திருக்கும் சிறுவன் செல்வர் வீட்டுப் பிள்ளையாயிருக்கலாம். கேட்கும் சிறுவன் அன்றாடங் கூலி பெறுவோன் மகனாயிருக்கலாம். ஆயினும் அவன் ‘ஈ’ என்று இரப்பதில்லை. ‘கொடு’ என்று ஏவுவதுமில்லை. ‘இங்கே தா’ என்றே கூவுகின்றான்.

தொல்காப்பியங் கற்றார் இதனைக் கேட்டு உவப்பர். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு பொருளைக் கேட்டற்கண் வருஞ் சொற்களேயாயினும், அவற்றுள் ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடங் கேட்பது. ‘தா’ என்பது ஒத்தவன் ஒத்தவனிடங் கேட்பது. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் தாழ்ந்தோனிடங் கேட்பது என வகுத்தார் அவ்வாசிரியர். இலக்கணம் ஒருபோதும் பயிலாத சிறுவர்கள் ஆடுகளத்திலே அவ்விலக்கணத்தைப் பிழையின்றி வழங்குகின்றனர். ஆட்டம் நிகழுமளவும் அவர்கள் ஒத்தவர்கள். ஆட்டம் முடிந்து தெருவுக்கு வந்தபின் என்ன நிகழ்கின்றது என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடைகாணத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப்பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம். அவர் நம் நாட்டவரல்லர், நம் மொழியினருமல்லர். அமெரிக்க நாட்டிலே பொஸ்ரன் மாநகரின் ‘செல்ரிக்ஸ்’ என்னும் கூடைப்பந்தாட்டக் குழுவில் 1950 முதல் 1963 வரை ஆடிய பொப் கூசி என்பவரே அவர்.

கூடைப்பந்தாட்டம் இன்று நம்மவர் பாடசாலைகளிலும் அறிமுகமானதொன்று. 1891ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் என்னும் ஊரில், குளிர்காலத்திலே மாணவர் உள்ளிருந்து ஆடுதற்பொருட்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை வகுத்தார். பழங்கூடைகள் இரண்டை மேலே அறைந்து, அவற்றினுட் பந்தை எறியச் செய்ததனாற் கூடைப்பந்து என்னும் பெயர் வந்தது. ஒரு குழுவிற்கு ஐவர் களத்தில் நிற்பர். அவருள் ‘கார்ட்’ எனப்படுவோர் இருவர். காவலர் என்பது அச்சொல்லின் பொருளாயினும், அவர் தொழில் காத்தலோடு அமைவதன்று. பந்தைத் தரையிலே தட்டித் தட்டி எதிர்ப்புறங் கொண்டுசெல்வதும், யார் எவ்விடத்தில் எக்கணத்தில் நிற்பார் என நோக்கி அவர் கைக்குப் பந்தைச் சேர்ப்பதும் அவர்க்குரிய கடன். கூடையின் அருகே நிற்கும் நெடியவர் பந்தை உள்ளே இடுவர். அவர்க்கு அதனை உதவியவர் பெரும்பாலுங் காவலராயிருப்பர். அங்ஙனம் உதவியதையும் ஆட்டக் கணக்கில் தனியே எழுதுவர். அதற்கு அவர்கள் இட்ட பெயரும் உதவி என்னும் பொருளையே தரும்.

பொப் கூசி 1928ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். தாய் தந்தையர் பிரான்சிலிருந்து குடியேறிய வறியவர்கள். தந்தையார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். மன்ஹற்றனின் கிழக்குப் பாகத்து நெருக்கமான குடியிருப்பொன்றிலே வளர்ந்த அப்பிள்ளைக்குப் பாடசாலை புகும்வரை பிரெஞ்சு மொழியன்றி ஆங்கிலம் வாராது. ரகரத்தைச் செவ்வனே ஒலிக்கமாட்டாத குறையுமிருந்தது. அதனைச் சொல்லி மற்றைச் சிறுவர் எள்ளி நகையாடினர். வேற்று மொழியினன் என்று ஒதுக்கப்படுவதன் நோவை அவர் நூலிற் படித்து அறிந்தாரல்லர், தெருவிலே பட்டறிந்தார்.

பின்னர் குடும்பம் குயீன்ஸ் பகுதிக்குப் பெயர்ந்தது. அங்கே உயர்தரப் பாடசாலையின் கூடைப்பந்துக் குழுவிற் சேர முயன்றபோது அவரைத் தகுதியற்றவர் என விலக்கினர். அக்காலத்தே ஒரு மரத்திலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. வேறொருவராயின் பந்தை மறந்திருப்பர். அவரோ கை குணமாகும்வரை இடக்கையால் ஆடப் பழகினார். அவர் இரு கையாலும் ஒப்ப ஆடுவதைப் பயிற்றுவோர் ஒருவர் தற்செயலாய்க் கண்டு குழுவிற் சேர்த்துக்கொண்டார். தீமை என வந்தது நன்மையாய் முடிந்தது. பாடசாலையை விட்டு நீங்கும் ஆண்டிலே நியூயோர்க் நகரப் பாடசாலை வீரருள் மிகுதியான புள்ளி பெற்றவர் அவரே.

1946இல் வூஸ்ரர் நகரிலுள்ள ஹோலி குறோஸ் என்னும் கத்தோலிக்கக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அக்கல்லூரி அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான வாகையைச் சூடிற்று. 1949இல் சிக்காகோ லொயோலாக் கல்லூரியோடு நிகழ்ந்த ஆட்டத்தில், எதிரி ஒருவன் வலப்பக்கத்தை முற்றாக மறித்து நிற்க, கூசி பந்தைத் தம் முதுகுப்புறமாகத் தட்டி இடக்கைக்கு மாற்றி முன்னேறினார். அதற்கெனப் பயின்று வந்தாரல்லர். அக்கணத்தின் இடுக்கணே அவ்வித்தையைக் கற்பித்தது. முறிந்த கை தந்த பாடம் அன்று பயன்பட்டது.

கல்லூரியின் இறுதி ஆண்டில் அவர் சமூகவியற் பாடத்திற்கு எழுதிய ஆய்வுரையின் பொருள் யாதெனின், சிறுபான்மையோர்க்கு இழைக்கப்படும் கொடுமை என்பது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1950இல் அவர் ஊதியத்துக்கு ஆடும் வீரரானார். அந்த வரவும் நேர்வழியில் வந்ததன்று. அருகிலிருந்த பொஸ்ரன் குழுவே தம்மைத் தேர்ந்தெடுக்கும் என அவர் எதிர்பார்த்திருந்தார். ஆனால், அக்குழுவின் பயிற்றுநராய்ப் புதிதாய் வந்த ரெட் அவர்பாக், உள்ளூரார் விருப்புக்காகத் தாம் ஆளெடுப்பதில்லை எனக் கூறி நெடியவரொருவரையே முதலிற் கொண்டார். 6 அடி 1 அங்குல உயரமே உடைய கூசியை ‘ட்ரைசிற்றீஸ்’ குழு எடுத்தது. அதன் உரிமையாளர் 6,000 டொலர் தர முன்வந்தார், கூசி 10,000 டொலர் கேட்டார், பேச்சு முறிந்தது. அவருடைய உரிமை சிக்காகோக் குழுவிற்குக் கைமாறிற்று. அக்குழுவோ ஆட்டக்காலந் தொடங்குமுன்னரே கலைந்துபோயிற்று. எஞ்சிய வீரர் மூவரின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பியிலிட்டனர். பொஸ்ரன் குழுவின் உரிமையாளர் வோல்ரர் பிறவுண் கைக்கு வந்த சீட்டிலே கூசியின் பெயர் இருந்தது. அவரோ மற்றை இருவரில் ஒருவரையே விரும்பியிருந்தார். விரும்பாதார் கையிலே விழுந்த சீட்டு, அக்குழுவின் செல்வமாக மாறிற்று. 1949–50 ஆட்டக்காலத்தில் 22 வெற்றியும் 46 தோல்வியும் கண்ட பொஸ்ரன், கூசி வந்த ஆண்டில் 39 வெற்றியும் 30 தோல்வியும் பெற்றது.

அவருடைய ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்கல் வேண்டும். அவர் தோள்கள் சரிந்தவை; கைகள் நீண்டவை; உள்ளங்கைகள் அகன்றவை. முன்னே நோக்கி ஓடும்போதே இருமருங்கும் நிற்போரைக் காணும் விரிந்த பார்வை அவர்க்கு வாய்த்திருந்தது. இடப்புறம் நோக்கி வலப்புறம் பந்தெறிவார், முதுகுப்புறமாக எறிவார், ஓட்டத்தினிடையே தோளுக்கு மேலாகப் பின்னே எறிவார். பார்ப்போர் இதனை மாயவித்தை என்றனர். மாயவித்தையில் வல்லவரான ஹூடினியின் பெயரையே அவர்க்குச் சூட்டினர். ஆனால் அதன் உட்பொருள் வித்தை காட்டலன்று. பந்தைப் பெறுவோன் ‘தா’ என்று வாய் திறந்தால் எதிரியும் அதனைக் கேட்பான். கேட்ட கணமே இடையிற் புகுவான். ஆதலால் நல்ல காவலன் அச்சொல் பிறக்கு முன்னரே, தோழன் இனி நிற்கப்போகும் இடத்தை அறிந்து, அவ்விடத்துக்குப் பந்தை அனுப்பிவிடுகின்றான். கேளாமுன் தருதலே அத்தொழிலின் நுட்பம்.

1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி சிரக்கியூஸ் குழுவோடு நிகழ்ந்த ஆட்டம் அவர் மனவுறுதிக்குச் சான்று. காலிலே நோவுடன் ஆடினார். ஆட்டம் ஒப்பநின்று, மேலதிக நேரம் ஒருமுறையன்று, நான்கு முறை கொடுக்கப்பட்டது. பொஸ்ரன் 111க்கு 105 என வென்றது. கூசி பெற்றவை 50 புள்ளிகள். அவற்றுள் 30, எதிரியின் தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் தனியெறிகளால் வந்தவை. தனியெறிகள் இத்துணை மலிந்தமைக்குக் காரணமுண்டு. அக்காலத்தே முன்னணியில் நிற்குங் குழு பந்தை எறியாது தன் கையிலேயே வைத்துக் காலங்கடத்தலாம். அதனைப் பறிக்க மற்றையோர் தவறிழைத்தே தீர்வர். 1950இல் போட் வேய்ன், மினியாபொலிஸ் என்னும் குழுக்களுக்கிடையே நிகழ்ந்த ஓர் ஆட்டம் 19க்கு 18 என முடிந்து காண்போரைச் சலிப்பித்தது.

இந்நோய்க்கு மருந்து கண்டவர் சிரக்கியூஸ் குழுவின் உரிமையாளர் டானி பியசோன். ஓர் ஆட்டம் 48 நிமிடம், அஃதாவது 2,880 செக்கன். நல்ல ஆட்டமொன்றில் இரு குழுவும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. எனவே பந்தைப் பெற்ற குழு 24 செக்கனுக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதி 1954இல் வந்தது. அதன்பின் கூசியின் விரைந்த ஆட்டத்துக்கே பெருமதிப்பு உண்டாயிற்று. 1953 முதல் 1960 வரை தொடர்ந்து எட்டு ஆட்டக்காலங்களில் ‘உதவி’க் கணக்கில் அவரே முதல்வர். 1959 பெப்ரவரி 27ஆந் திகதி ஒரே ஆட்டத்தில் 28 முறை பிறர் புள்ளி பெற உதவினார்.

ஆடுகளத்தில் மட்டுமன்றி ஆட்டக்காரரின் வாழ்விலும் அவர் கைகொடுத்தார். அந்நாளில் வீரர்க்குக் காப்புறுதியான உரிமை எதுவுமில்லை. குழு கலைந்தால் சம்பளப் பாக்கி கலைந்ததுதான். வாகைப் போட்டியிற் சேராத காட்சி ஆட்டங்களுக்கு வரையறையில்லை. ஆட்டத்தினிடையே நடுவர் விதிக்கும் 15 டொலர் தண்டம் ஒன்றுமிருந்தது. 1954இல் கூசி ஒவ்வொரு குழுவிலும் பெயர்பெற்ற வீரர் ஒருவர்க்குக் கடிதம் எழுதி, ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதற்றலைவரும் அவரே. உரிமையாளர் அச்சங்கத்தை ஏற்க மறுத்துக் காலங்கடத்தினர். பெருந் தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு சேர்வதுபற்றி அவர் பேசத் தொடங்கியபின்னரே, 1957இல் அவர்கள் இணங்கினர். தம் புகழால் தாம் மட்டும் கூடுதற் சம்பளம் பெற்று வாளாவிருந்திருக்கக் கூடியவர், புகழில்லாதார் பொருட்டும் வாதாடினார். வட அமெரிக்காவின் நான்கு பெரும் விளையாட்டுகளில் ஆட்டக்காரர் அமைத்த தொழிற்சங்கங்களுள் இதுவே மூத்தது.

இனி, இக்கட்டுரையின் கருவுக்கு வருவோம்.

கூசி பொஸ்ரன் குழுவிற் சேர்ந்த அதே 1950இல் சக் கூப்பர் என்னும் கறுப்பின இளைஞரும் சேர்ந்தார். அத்தேசியக் குழுக்களின் தேர்வில் தெரிவுசெய்யப்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. கூசியும் அவரும் நண்பராயினர். ஒருமுறை வட கரோலினா மாநிலத்திலே ஆடச் சென்றபோது, வெள்ளையர் தங்கும் விடுதியிற் கூப்பருக்கு இடமில்லை என்றனர். ஏனையோர் விடுதியில் தங்க, கூசி தம் நண்பருடன் இரவுப் புகையிரதத்திற் புறப்பட்டார். புகையிரத நிலையத்திலே மலசலகூடத்தை நாடியபோது இரண்டு பலகைகள் தெரிந்தன. ஒன்று வெள்ளையர்க்கு, மற்றது நிறத்தவர்க்கு. கூசிக்கு நாணத்தால் நாவெழவில்லை. தம் இனத்தார் எழுதிய பலகையைத் தம் தோழர் படிக்க நின்ற அக்கணத்துக்கு எந்த ஆறுதல் மொழியும் போதாதென உணர்ந்தார். ஈற்றில் இருவரும் இரண்டு கதவையும் விட்டு, மேடையின் கோடிக்கு நடந்து, இருளிலே ஒருங்கு நின்று சிறுகடன் கழித்தனர்.

உயர்ந்த நிகழ்ச்சிகளையே எழுதப் பழகிய எமக்கு இதனை எழுதக் கை சிறிது கூசுகின்றது. ஆயினும், ஒப்புமை என்னும் பெருஞ்சொல்லின் பொருளை இதனினும் தெளிவாக உரைக்கவல்ல நிகழ்ச்சி வேறொன்று எமக்குத் தோன்றவில்லை. கூசி தமக்குரிய கதவைத் தம் தோழர்க்கு ஈயவில்லை, ஈயவும் இயலாது. அக்கதவு தமக்கும் வேண்டாம் என்று விட்டார். அதுவே ஒத்தவன் செயல்.

1956இன் இறுதியிலே பில் ரஸல் வந்தார். லூசியானாவிற் பிறந்த கறுப்பினத்தவர், 6 அடி 10 அங்குல உயரத்தினர், நடுநிலை வீரர். எதிரி எறியும் பந்தை வானிலேயே தட்டுவதிலும், கூடையில் வீழாது மீளும் பந்தைப் பற்றுவதிலும் அவர்க்கு நிகரில்லை. அதுகாறும் கூசி இருந்தும் பொஸ்ரன் ஒரு வாகையேனும் சூடியதில்லை. 1957இல் முதல் வாகை வந்தது. சென் லூயிஸ் குழுவோடு நிகழ்ந்த இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டம் இருமுறை மேலதிக நேரங் கண்டு 125க்கு 123 என முடிந்தது. அவ்வாண்டின் தலைசிறந்த வீரர் எனத் தெரிவானவர் கூசி. ஆனால் அவ்விறுதி ஆட்டத்தில் அவர் 20 முறை எறிந்து இருமுறையே கூடையில் இட்டார். அன்று குழுவைக் காத்தவர் இளைஞர் இருவர்: 37 புள்ளி பெற்ற ரொம் ஹெய்ன்சன் ஒருவர், மீளும் பந்தை 32 முறை பற்றிய ரஸல் மற்றொருவர்.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. கூசியின் விரைந்த தாக்குதல் எங்கே தொடங்கிற்று? ரஸல் மீள்பந்தைப் பற்றி, தரையில் இறங்குமுன்னரே கூசியை நோக்கி எறிவதிலே தொடங்கிற்று. உலகம் கண்டு வியந்த கொடைக்கு முன்னே உலகம் அவ்வளவாக எண்ணிப் பாராத ஒரு கொடை இருந்தது. 1957, 1959, 1960, 1961, 1962, 1963 என ஆறு வாகைகளை இருவரும் சேர்ந்து சூடினர். களத்திலே அவர்கள் ஒருவரையொருவர் பாராமலே அறிந்தனர். களத்துக்கு வெளியே?

களத்துக்கு வெளியே ஒரே நகரம் இருவர்க்கும் இரண்டு முகங்காட்டிற்று. 1963 மார்ச் 17ஆந் திகதி கூசிக்குப் பொஸ்ரன் பிரியாவிடை நடத்திற்று. ஏழு நிமிடத்தில் முடிய வேண்டிய உரை, கண்ணீரும் கரவொலியுமாய் இருபது நிமிடம் நீண்டது. அவர் பேசமாட்டாது விம்மி நின்ற ஒரு கணத்தில், மேல்வரிசையிலிருந்து ஒருவர், ‘உம்மை நாம் நேசிக்கின்றோம்’ எனக் கூவினார், அரங்கம் அதிர்ந்தது. அடுத்த மாதம் லொஸ் ஏஞ்சலிஸில் இறுதி ஆட்டம். கணுக்கால் பிசகி வெளியே கொண்டுசெல்லப்பட்ட கூசி, மீண்டும் வந்து ஆடி, 112க்கு 109 எனக் குழு வென்றதும், பந்தைக் கூரை நோக்கி உயர எறிந்தார். அத்துடன் பொஸ்ரனில் அவர் ஆட்டம் நிறைவெய்தியது.

ரஸலுக்கோ? அவர் குடியிருந்த றெடிங் என்னும் ஊரில், அவர் குடும்பத்தார் இல்லாத வேளையில் வீட்டை உடைத்துப் புகுந்தோர் சுவரில் இழிமொழி எழுதினர். பரிசுப் பொருள்களை உடைத்தனர். படுக்கையை மலத்தால் அசுத்தஞ் செய்தனர். 1961இல் கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரிலே கறுப்பின வீரர்க்கு உணவுச்சாலையில் உணவளிக்க மறுத்தனர். ரஸலும் பிறரும் ஆட்டத்தைப் புறக்கணித்து ஊர் திரும்பினர். வெள்ளை வீரரைக்கொண்டு அவ்வாட்டம் நடந்தேறியது. 13 ஆட்டக்காலங்களில் 11 வாகை பெற்றுக்கொடுத்த ஒருவரை அந்நகரம் வியந்தது. ஆனால் நேசித்ததென்று சொல்ல இயலாது.

ரஸல் மானமுடையவர். எவரிடத்தும் சென்று ‘எனக்குத் துணையாய் நில்’ என்று கேட்டாரல்லர். கூசி அக்குழுவின் தலைவர்; சிறுபான்மையோர் துன்பத்தைப்பற்றி ஆய்வுரை எழுதியவர்; கூப்பரோடு புகையிரத மேடையில் நின்றவர். ரஸலின் துன்பம் அவர் அறியாததன்று. அவர் ரஸலை இகழ்ந்ததுமில்லை, பகைத்ததுமில்லை. நாள்தோறும் உடனாடினார். ஆனால் உள்ளத்தை வருத்தும் அப்பொருளைப்பற்றி அமர்ந்து பேசியதில்லை. ரஸல் தம்மைச் சுற்றி எழுப்பிய மௌன மதிலை மதித்து ஒதுங்கி நிற்பதே மரியாதை என எண்ணியிருக்கலாம். ஆண்டுகள் சென்றன.

அதன்பின் கூசி பலதொழில் புரிந்தார். கல்லூரியிலும், பின்னர் சின்சினாட்டிக் குழுவிலும் பயிற்றுநராயிருந்தார். 41 வயதில் அக்குழுவுக்காக ஏழு ஆட்டங்களில் களமிறங்கியும் பார்த்தார். 1971இல் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றார். தொலைக்காட்சியில் ஆட்ட விளக்கஞ் செய்தார். அறுபதாண்டுக்கு மேல் உடன்வாழ்ந்த மனைவியார் மறதிநோயுற்றபோது அருகிருந்து பேணினார். 2013இல் அவர் மறைந்தார். தனிமை மனிதனைத் தன் கணக்கைத் தானே பார்க்கச் செய்கின்றது. கூசியின் கணக்கிலே 16,960 புள்ளிகளும் 6,955 உதவிகளும் இருந்தன. ஆயினும் எழுதப்படாத ஒன்று அவர் நெஞ்சை உறுத்திற்று. முன்னரே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் ரஸல் பட்ட துன்பத்தைப்பற்றிக் கேட்டபோது, அவர் விடைகூற இயலாது குலுங்கி அழுததை நாடு பார்த்தது.

2016இல், 87 வயதிலே, அவர் ரஸலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின எழுத்தாளர் ராநெஹிசி கோற்ஸ் என்பார் தம் மகனுக்கு முடங்கலாக எழுதிய நூலொன்றையும் உடன் அனுப்பினார். அக்காலத்தே தாம் ரஸலுக்கு இன்னுந் துணைநின்றிருக்க வேண்டுமென்றும், அது செய்யாமைக்கு வருந்துவதாகவுமே அக்கடிதம் கூறிற்று.

இதற்கு ஒரு தடை நிகழ்த்துவார் உளர். குற்றமிழைத்தோர் வேறு, வீடுடைத்தோர் வேறு, கதவடைத்தோர் வேறு. கூசி அக்காலத்து வெள்ளையர் பலரினும் மிகுதியாகச் செய்தாரன்றோ? அவர் எதற்கு வருந்துதல் வேண்டும் என்பர் அவர்.

இத்தடைக்கு விடை கூசியின் தொழிலிலேயே இருக்கின்றது. ஒரு சாதாரண ஆட்டக்காரன் தோழன் நிற்குமிடத்தைக் காணாதுவிடின், எவரும் அவனைக் குறைகூறார். காணும் ஆற்றலே அவனுக்கில்லை. முதுகுப்புறத்தே நிற்பவனையுங் காணும் கண்ணுடையவன் பக்கத்தே நிற்பவனைக் காணாதிருந்தால், அல்லது கண்டுந் தாராதிருந்தால், அவன் நெஞ்சமே அவனைக் கேட்கும். பிறர் அவர்மேற் குற்றஞ் சாற்றவில்லை. தம் அளவுகோலால் தம்மையே அளந்தார். கூப்பரின் துணையாய்ச் செய்த ஒன்றைச் சொல்லி, ரஸலுக்குச் செய்யாததை மறைக்கவும் அவர் முயன்றாரல்லர். முன்செய்த நன்மையைப் பின்செய்யாமைக்குப் போர்வையாக்குவது நம்மனோர் பலர்க்குங் கைவந்த கலை. அக்கலையை அவர் கற்றிலர்.

கடிதத்துக்கு உடனே மறுமொழி வரவில்லை. மாதங்கள் சென்றன, ஆண்டும் சென்றது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழிந்தபின், ரஸல் தொலைபேசியில் அழைத்தார். கடிதம் கிடைத்ததா எனக் கூசி வினவினார். கிடைத்தது என்றார் ரஸல். அதனைப்பற்றி அதற்குமேல் இருவரும் நீளப் பேசினாரல்லர். கண்ணீரும் தழுவலும் நிறைந்த முடிவை எதிர்பார்ப்போர்க்கு இது ஏமாற்றந் தரலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘மன்னித்தேன்’ என்று சொல்லியிருந்தால் ரஸல் உயர்ந்த படியிலும் கூசி தாழ்ந்த படியிலும் நின்றிருப்பர். அவர் அதனைச் சொல்லவில்லை. எறிந்த பந்து கைக்கு வந்து சேர்ந்தது என்பதை மட்டுஞ் சொன்னார். அது ஒத்தவர் பேச்சு.

2019இல் அமெரிக்க நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதான சனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கூசிக்கு வழங்கப்பட்டது. ரஸல் அப்பதக்கத்தை 2011இலேயே பெற்றிருந்தார். 1984இல் மறைந்த சக் கூப்பரின் பெயர் 2019இலேதான் புகழ்மண்டபத்தில் ஏறியது. 2022 யூலை 31ஆந் திகதி ரஸல் காலமானார். கடிதம் இன்னுஞ் சில ஆண்டு தாமதித்திருப்பின், பெறுவாரின்றிப் போயிருக்கும்.

ஆடுகளத்திலே 24 செக்கனுக்குள் எறிதல் வேண்டும் என்னும் விதியுண்டு. மணி ஒலித்தபின் எறிந்த பந்து கூடையுள் வீழினும் கணக்கில் வாராது. வாழ்க்கை அத்துணைக் கடுமையானதன்று. அரை நூற்றாண்டு பிந்தி எறிந்ததையும் அது ஏற்றுக்கொள்கின்றது. பெறுவோன் உயிரோடிருக்குமளவும் ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் அந்த மணி எப்போது ஒலிக்கும் என்பதை எவருங் கண்டு சொல்லமாட்டார்.

‘ஈ’ என்று கேட்பார்க்கு ஈவது எளிது. ஈந்தோன் என்னும் பெயரும் வரும். ‘கொடு’ என்பார்க்கு அஞ்சியேனுங் கொடுத்துவிடுவோம். ‘தா’ என்று கேட்கும் உரிமையுடைய ஒருவன், மானத்தாலோ மனப்புண்ணாலோ வாய்திறவாது நம் பக்கத்திலே நிற்கின்றபோது, அவன் கேளாமுன் தருவதே அரிது. நம் அயலிலும், நம் வகுப்பறையிலும், நாம் பணிபுரியும் இடத்திலும் அங்ஙனம் நிற்போர் உளர். கூசியின் கண் நமக்கு வேண்டியதில்லை. பக்கத்தே திரும்பிப் பார்த்தால் அமையும்.